கடலடி நில அதிர்வு ஆய்வுக்கு நாள் குறிப்பது எப்படி? புதிதாகத் திட்டமிட வருவோருக்கு ஒரு வழிகாட்டி

கடலடிப் பாறை அடுக்குகளைப் படம்பிடிக்கும் சீஸ்மிக் சர்வே கப்பலுக்கு முதன்முறையாகச் செல்பவரைத் திகைக்க வைப்பது, அங்கே திரும்புவதற்கே செலவாகும் நேரம்தான். கப்பல் ஒரு கோட்டை, அதாவது பதிவு செய்தபடி ஓடும் ஒரு நேர்ப்பாதையை, முடித்துவிட்டு அடுத்த கோட்டுக்கு வந்து சேர இரண்டரை மணி நேரம் ஆகிறது. அந்த நேரத்தில் பயனுள்ள பதிவு ஒன்றுகூடக் கிடைப்பதில்லை. எரிபொருள் எரிகிறது, பல பத்துப் பேர் சம்பளத்தில் இருக்கிறார்கள், வானிலை நன்றாக இருக்கும் நாள்கள் குறைந்துகொண்டே வருகின்றன. இந்த இழப்பின் பெரும்பகுதி கப்பல் துறைமுகத்தைவிட்டுக் கிளம்பும் முன்பே, அலுவலக மேசையில் தீர்மானமாகிவிடுகிறது என்பதே என் உறுதியான கருத்து. ஆகவே எந்த முடிவை எந்த வரிசையில் எடுக்க வேண்டும் என்பதை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். எடுத்துக்காட்டாக, ஆந்திரக் கடற்கரைக்கு வெளியே கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில், ஆழ்கடலில், 40 கிலோமீட்டர் நீளமும் 20 கிலோமீட்டர் அகலமும் உள்ள ஒரு கற்பனைப் பிளாக்கை, அதாவது ஆய்வுக்காக ஒதுக்கிய பகுதியை, எடுத்துக்கொள்வோம்.

கருவியின் அளவைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

நம் கப்பல் 8 கிலோமீட்டர் நீளமுள்ள 10 ஸ்ட்ரீமர்களை இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்ட்ரீமர் என்பது உள்ளே ஹைட்ரோபோன்கள் எனும் நீரடி ஒலிவாங்கிகள் வரிசையாக அமைந்த நீண்ட கேபிள். இரண்டு ஸ்ட்ரீமர்களுக்கு இடையே 100 மீட்டர் இடைவெளி. பத்துக் கேபிள்களின் மொத்த விரிவு 900 மீட்டர். கப்பலுக்குச் சற்றுப் பின்னால் ஒலி மூலங்களான இரண்டு ஏர் கன் (அழுத்தக் காற்றை வெளியேற்றி ஒலி எழுப்பும் கருவி) தொகுப்புகள் மாறிமாறிச் சுடுகின்றன. ஒலி கிளம்பும் இடத்துக்கும் திரும்பக் கேட்கும் இடத்துக்கும் நடுப்புள்ளியில்தான் பாறையின் படம் பதிவாகிறது என்பதால், 10 ஸ்ட்ரீமரும் இரண்டு மூலமும் சேர்ந்து ஒரே ஓட்டத்தில் 25 மீட்டர் இடைவெளியில் 20 நடுப்புள்ளிக் கோடுகளைத் தருகின்றன. ஆகவே கப்பல் ஓடவேண்டிய கோடுகளுக்கு இடையே 500 மீட்டர் இருந்தால் போதும். 20 கிலோமீட்டர் அகலத்துக்கு 40 கோடுகள்.

கப்பலின் வேகம் வழக்கமாக நான்கிலிருந்து ஐந்து நாட். நாம் 4.5 நாட் என்று கொள்வோம். அது மணிக்கு 8.33 கிலோமீட்டர், நிதானமாக ஓடுபவர் ஒருவரின் வேகம். இந்த ஒற்றை எண்ணை எப்போதும் நினைவில் வைத்திருங்கள். திட்டத்தில் வரும் ஒவ்வொரு கிலோமீட்டரையும் இதனால் வகுத்தால் அதன் விலை மணிக்கணக்கில் கிடைத்துவிடும்.

பெரிய கப்பல் வந்தால் எல்லாம் எளிதாகிவிடும் என்று நினைக்கலாம். 2013-இல் கடலுக்கு வந்த ராம்ஃபார்ம் டைட்டன் 104 மீட்டர் நீளத்துக்கு 70 மீட்டர் அகலம் கொண்டது, 24 ஸ்ட்ரீமர்கள் வரை தாங்கும். விரிவு கூடினால் கோடுகளின் எண்ணிக்கை குறையும் என்பது உண்மை. ஆனால் திரும்பும் விட்டமும், தடைகளை விட்டு ஒதுங்க வேண்டிய தூரமும், மீன்பிடி வலையில் சிக்கும் வாய்ப்பும் கூடவே வளர்கின்றன.

முதல் முடிவு: நாள்காட்டி

வங்காள விரிகுடாவின் மேற்குக் கரையில் கடல் பெரும்பாலும் அமைதியாக இருப்பது ஜனவரியிலிருந்து மே தொடக்கம் வரை. அதன்பின் தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகள் வந்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். மே மாதமும் நம்பத்தக்கதல்ல. 2010 மே மாதத்தில் லைலா புயலும், 2022 மே மாதத்தில் அசானியும் இதே ஆந்திரக் கரைக்குத்தான் வந்தன. அலை உயரம் இரண்டரை, மூன்று மீட்டரைத் தாண்டினால் அலையின் இரைச்சல் பதிவில் ஏறிவிடும். அதற்கு வெகு முன்பே, கேபிளைப் பழுதுபார்க்கச் சிறு படகை இறக்குவது நின்றுவிடும். சுட முடிகிற கடல் வேறு, சிறு படகு இறக்க முடிகிற கடல் வேறு. திட்டத்தில் இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள்.

வானிலைக்கு அடுத்தது மீன்பிடி. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாள்களில் கரையை ஒட்டிய கோடுகளை ஓட்டினால் வலைகளின் தொல்லை வெகுவாகக் குறையும். ஆனால் கடலில் யாருமே இருக்க மாட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்; நாட்டுப் படகுக்காரர்கள் தடையின்போதும் தொழில் செய்கிறார்கள்.

மூன்றாவது, நீரோட்டம். கிழக்கிந்தியக் கரையோர நீரோட்டம் பிப்ரவரியிலிருந்து மே வரை கரையோரமாக வடகிழக்கு நோக்கி ஓடுகிறது. ஆண்டின் கடைசி மாதங்களில் திசை மாறித் தெற்கு நோக்கி ஓடுகிறது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் அது வலுவாக இருக்கும். கடல் கண்ணாடிபோல் கிடக்கும் அதே மாதங்களில் அடியில் நீர் வேகமாக ஓடுகிறது என்பதை அலைப் புள்ளிவிவரத்தை மட்டும் பார்ப்பவர்கள் தவறவிட்டுவிடுகிறார்கள். இதோடு, ஆலிவ் ரிட்லி ஆமைகள் கரையேறி முட்டையிடும் பருவமும் ஏறத்தாழ ஜனவரி முதல் ஏப்ரல் வரை வந்து சேர்கிறது.

இவை எல்லாவற்றையும் ஒரே தாளில், மாதங்களைக் குறுக்காகவும் தடைகளைக் கீழாகவும் எழுதி நிறம் தீட்டிப் பாருங்கள். நம் பிளாக்குக்கு நான் தேர்வது இது: மார்ச் கடைசியில் ஆழப்பக்கக் கோடுகளில் தொடங்கி, கரைப்பக்கக் கோடுகளை ஏப்ரல் 15-க்குப் பின்னால் தள்ளி, மே முதல் வாரத்துக்குள் கேபிள்களைச் சுருட்டிவிடுவது. நீரோட்டத்தின் வலுவை நான் அறிந்தே ஏற்றுக்கொள்கிறேன்; ஏனெனில் நீரோட்டத்தைக் கோட்டின் திசையால் ஓரளவு சமாளிக்கலாம், புயலைச் சமாளிக்க முடியாது.

காவிரிப் படுகையின் கடற்பகுதிக்கும் இதே முறைதான். நிறங்கள் மட்டும் மாறும். அங்கே வடகிழக்குப் பருவமழை கூடுதலாக நாள்களைத் தின்னும். தெற்கே போகப் போக 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா போன்ற பாதுகாக்கப்பட்ட பகுதிகள் எல்லையாக நிற்கும்.

நாள்காட்டியை முடித்தபின், அதிலிருந்து பின்னோக்கி எண்ணி அனுமதிகளுக்கு நாள் குறியுங்கள். இந்தியாவில் ஹைட்ரோகார்பன் தலைமை இயக்குநரகம், பாதுகாப்பு அமைச்சகம், வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பலாயின் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், கடற்படையின் ஆய்வு எனப் பல வாசல்கள் உண்டு. ஒன்றின் தாமதம் மற்றொன்றைத் தள்ளும். கப்பல் வாடகை தொடங்கும் நாளை அனுமதி கிடைக்கும் நாளோடு ஒட்டிவைக்காதீர்கள்.

இரண்டாவது முடிவு: கோட்டின் திசை

இங்கேதான் மிகப் பெரிய சேமிப்பு ஒளிந்திருக்கிறது. கணக்கைப் போட்டே பார்ப்போம்.

கோடுகளை 40 கிலோமீட்டர் திசையில் ஓட்டினால், ஓரங்களிலும் முழு அடர்த்தியுடன் பதிவு கிடைக்க ஏறத்தாழ 4 கிலோமீட்டர் கூடுதலாகச் சுட வேண்டும் என்பதால், ஒரு கோடு 44 கிலோமீட்டர். அதற்கு 5 மணி 17 நிமிடம். கேபிள்கள் முறுக்கிக்கொள்ளாமல் திரும்ப 7 கிலோமீட்டர் விட்டம் தேவை என்று கொண்டால் அரைவட்டம் 11 கிலோமீட்டர். கேபிள்கள் மீண்டும் நேராக நீண்டு வர இன்னும் 8 கிலோமீட்டர். ஆக 19 கிலோமீட்டர், 2 மணி 17 நிமிடம்; சிறிது தாராளமாக இரண்டரை மணி என்று வைப்போம். ஒரு கோடும் ஒரு திருப்பமும் சேர்ந்து ஏறத்தாழ 7.8 மணி. 40 கோடுகளுக்கு 311 மணி, அதாவது 13 நாள்.

அதே பிளாக்கைக் குறுக்காக, 20 கிலோமீட்டர் திசையில் ஓட்டினால் ஒரு கோடு 24 கிலோமீட்டர், 2 மணி 53 நிமிடம். ஆனால் கோடுகள் 80. திருப்பம் அதே இரண்டரை மணி. மொத்தம் 430 மணி, 18 நாள். பதிவாகும் பரப்பு ஒன்றேதான். ஐந்து நாள் கூடுதல். முதல் வகையில் மூன்றில் ஒரு பங்கு நேரம் திருப்பங்களில் போகிறது, இரண்டாவது வகையில் ஏறத்தாழ பாதி.

நீளமான திசையைத் தேர்ந்தால் போதும், வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். பாறை அடுக்குகள் சரியும் திசையில் ஓட்டுவதையே நிலவியலாளர்கள் விரும்புவார்கள். அது பெரும்பாலும் கரைக்குக் குறுக்கான திசை. நீரோட்டமோ கரையோரமாக ஓடுகிறது. கரைக்குக் குறுக்கே ஓடும் கப்பலின் பின்னால் கேபிள்கள் நேராக நிற்காமல் ஒருபக்கம் ஒதுங்கும். தொழிலில் இதை ஃபெதர் என்பார்கள். 4.5 நாட் வேகக் கப்பலுக்குக் குறுக்கே அரை நாட் நீரோட்டம் மட்டுமே இருந்தாலும் கேபிள் 6 பாகை சாயும். 8 கிலோமீட்டர் கேபிளின் வால்நுனி ஏறத்தாழ 880 மீட்டர் விலகி நிற்கும். நம் பத்துக் கேபிள்களின் மொத்த விரிவே 900 மீட்டர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். வால்பகுதி அப்படியே பக்கத்துக் கோட்டின் இடத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறது. அது இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடக்கிறது. நடுப்புள்ளியின் விலகல் இதில் பாதி, 440 மீட்டர். கேபிளில் பொருத்தும் திசைதிருப்பும் இறக்கைகள் இதைக் குறைக்கும், அறவே போக்காது.

கோடு நீரோட்டத்தோடு இணையாக இருந்தால் ஃபெதர் குறையும், வேறொரு கணக்கு வந்து சேரும். ஒரு நாட் நீரோட்டத்தை எதிர்த்துப் போகும்போது தரைவேகம் 3.5 நாட், கூடப் போகும்போது 5.5 நாட். போக வர ஈடுகட்டிக்கொள்ளும் என்றுதான் முதலில் தோன்றும். 44 கிலோமீட்டருக்கு எதிர்த்திசையில் 6.8 மணி, கூட்டுத்திசையில் 4.3 மணி, சராசரி 5.55 மணி. நீரோட்டம் இல்லாதபோது 5.28. கோட்டுக்குக் கால் மணி நேரம் போகிறது, 40 கோடுகளுக்கு ஏறத்தாழ 11 மணி நேரம். மேலும் 25 மீட்டருக்கு ஒரு முறை சுடும் திட்டத்தில் 5.5 நாட் வேகத்தில் இரண்டு வெடிப்புகளுக்கு இடையே 8.8 வினாடிதான் கிடைக்கும். 10 வினாடிப் பதிவு கேட்டிருக்கிறார்கள் என்றால் அந்த வேகத்தில் ஓடவே முடியாது.

ஆகவே திசையை முடிவு செய்யும் கூட்டத்தில் நிலவியலாளர், நேவிகேஷன் பொறுப்பாளர், திட்டமிடுபவர் மூவரும் ஒரே மேசையில் இருக்க வேண்டும். நான் உதவியாளனாகச் சேர்ந்த ஒரு பணியில் திசை மட்டும் தனியே ஒரு மின்னஞ்சலில் முடிவாகி வந்தது. நீரோட்டத்தைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. மூன்றாம் நாள் காலை, எங்கெல்லாம் பதிவு கிடைத்தது என்று காட்டும் கவரேஜ் வரைபடத்தில், சீப்பின் பல் உதிர்ந்ததுபோல் வெள்ளைக் கீற்றுகள் தெரிந்தன. அவற்றை நிரப்ப ஓடிய நாள்களை நான் இன்னும் மறக்கவில்லை.

மூன்றாவது முடிவு: எந்தக் கோட்டுக்குப் பின் எந்தக் கோடு

முதல் கோடு முடிந்ததும் பக்கத்திலிருக்கும் இரண்டாம் கோட்டுக்குத் திரும்புவதுதான் இயல்பாகத் தோன்றும். அது முடியாது, இடைவெளி 500 மீட்டர், திரும்பும் விட்டமோ 7 கிலோமீட்டர். சுற்றிவளைத்துக் கண்ணீர்த்துளி வடிவில் வளைந்து வர வேண்டும்; ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் கூடுதல். வயலில் ஏர் ஓட்டுபவர் விளா வைத்து உழுவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கான தீர்வு உடனே விளங்கும். அவர் ஒட்டிய சாலிலேயே மாட்டைத் திருப்புவதில்லை. விளாவின் எதிர்ப்பக்கம் போய், அங்கிருந்து திரும்பி வந்து, முதல் சாலை ஒட்டி அடுத்த சாலைப் போடுவார். சீஸ்மிக் கப்பலும் இதையே செய்கிறது. இதற்கு ரேஸ் டிராக் முறை என்று பெயர்.

நம் பிளாக்கில் 7 கிலோமீட்டர் என்பது 14 கோடு. முதல் கோட்டில் வடக்கே போய், 15-ஆம் கோட்டில் தெற்கே வந்து, இரண்டில் ஏறி, 16-இல் இறங்கி எனப் போனால் 28 கோடுகள் குறைந்த செலவில் முடியும். ஆனால் மீதி 12 கோடுகள் தொங்கும். அவற்றை ஆறு ஆறாகப் பிரித்தால் இடைவெளி 3 கிலோமீட்டர்தான், மறுபடியும் கண்ணீர்த்துளித் திருப்பம்தான். அதில் 12 மணி நேரம் போகும். மாறாக 40 கோடுகளையும் இருபது இருபதாகப் பிரித்து 1, 21, 2, 22 என்று ஓடினால் ஒவ்வொரு திருப்பமும் இரண்டரை, மூன்று கிலோமீட்டர் நீளும். 39 திருப்பங்களுக்குச் சேர்த்து 13 மணி நேரம். மணிக்கணக்கில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே.

இருந்தாலும் நான் இருபது இருபதையே தேர்வேன். அடுத்தடுத்த இரண்டு கோடுகள் எதிரெதிர் திசையில் ஓடியிருந்தால் கேபிள்களின் சாய்வு ஒன்றோடொன்று பொருந்தாமல் இடையே வெற்றிடம் விடக்கூடும். அப்படிப்பட்ட தையல் முதல் திட்டத்தில் பல இடங்களில் வருகிறது. இருபது இருபதில் ஒரே இடத்தில்தான், 20-க்கும் 21-க்கும் இடையே. அந்த ஒரு தையலை முன்கூட்டியே அறிந்திருப்பதால் அங்கே மட்டும் இன்ஃபில் ஓட்டத்துக்கு, அதாவது விடுபட்ட இடத்தை நிரப்பும் ஓட்டத்துக்கு, நேரம் ஒதுக்கிவிடலாம்.

இதையெல்லாம் கணினியிடம் விட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். விடலாம், விட வேண்டும். பத்தே பத்துக் கோடுகளை, ஒவ்வொன்றையும் இரண்டு திசையில் ஓட்ட முடியும் என்ற நிலையில், 371 கோடிக்கும் மேற்பட்ட விதங்களில் வரிசைப்படுத்தலாம்; 40 கோடுகளுக்கு மனிதர் எழுதிப் பார்க்க வழியே இல்லை. ஆனால் மென்பொருளுக்குத் திருப்ப நேரத்தை மட்டும் கொடுத்தால் அது திருப்ப நேரத்தை மட்டுமே குறைத்துத் தரும். தையலுக்கு ஒரு தண்டனை, தடைக்காலத்துக்கு முன் கரைப்பக்கக் கோட்டைத் தொட்டால் ஒரு தண்டனை, முக்கியமான பகுதியை முதலில் முடித்தால் ஒரு பரிசு என மணிக்கணக்கில் எண்களாக எழுதிக் கொடுத்தால்தான் அது தரும் வரிசை கடலில் நிற்கும்.

அலையேற்ற இறக்கத்தால் நீரோட்டம் மாறும் கடல்களில், எடுத்துக்காட்டாக வடகடலில், இன்னொரு நுட்பம் உண்டு. அங்கே நீரின் திசை ஏறத்தாழ 12 மணி 25 நிமிடச் சுழற்சியில் மாறுகிறது. பக்கத்துக் கோடுகள் இரண்டையும் ஒரே அலைநிலையில் ஓட்டினால் கேபிள்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து, ஓடுகள் அடுக்கியதுபோல் பொருந்திப் போகும்.

தொடக்க நாள்களுக்கு ஓர் அறிவுரை. கேபிள்களை இறக்கிய முதல் இரண்டு நாளில் கடினமான கோடுகளை வைக்காதீர்கள். ஏதாவது ஒரு கேபிள் மிதப்புச் சரியில்லாமல் தொல்லை கொடுக்கத்தான் செய்யும். அதுபோல, பருவம் பாதியில் முடிந்துவிட்டால் கையில் என்ன மிஞ்சும் என்று கேட்டு, எதிர்பார்ப்பு மிகுந்த பகுதியை இடைவெளியில்லாமல் முதலில் முடிக்கும்படி வரிசையை அமையுங்கள். சிதறிய 30 கோடுகளைவிடச் சேர்ந்த 20 கோடுகள் மதிப்புள்ளவை.

திருப்பத்துக்குள் என்னென்ன அடங்கும்

திருப்ப நேரம் இழப்புதான். ஆனால் அதற்குள் செய்து முடிக்க வேண்டியவை பல. ஏர் கன் பழுதுபார்ப்பு அவற்றில் ஒன்று. கடல் பாலூட்டிகளுக்கான காவல் இன்னொன்று. பிரிட்டனின் இயற்கைப் பாதுகாப்புக் கூட்டுக்குழு 2017-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளை உலகின் பல பகுதிகளில் ஒப்பந்தங்கள் பின்பற்றுகின்றன. அவற்றின்படி, 200 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள கடலில் சுடத் தொடங்கும் முன் ஒரு மணி நேரம், அதற்குக் குறைந்த ஆழத்தில் அரை மணி நேரம், மூலத்தைச் சுற்றி 500 மீட்டருக்குள் திமிங்கிலமோ ஓங்கிலோ இல்லை என்று பார்வையாளர் உறுதி செய்ய வேண்டும். பின்பு ஒலியைச் சிறிது சிறிதாகக் குறைந்தது 20 நிமிடம் உயர்த்த வேண்டும். நம் கணக்கில், முதல் வெடிப்புக்கு 80 நிமிடம் முன்பே காவல் தொடங்கிவிட வேண்டும். 150 நிமிடத் திருப்பத்தில் கன்களை மேலே தூக்கிப் பழுதுபார்க்க மிஞ்சுவது 70 நிமிடம். அதற்குமேல் ஆகும் என்றால் அந்தத் திருப்பத்தை நீட்டி எழுதுங்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

விலங்கு தென்பட்டால் அது எல்லையைவிட்டு நீங்கியபின் 20 நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்த 20 நிமிடத்தில் கப்பல் 2.8 கிலோமீட்டர் போய்விடும். அதாவது கோட்டின் தொடக்கம் இழப்பாகும், அல்லது மீண்டும் ஒரு சுற்று வர வேண்டும். விலங்குகள் அதிகம் காணப்படும் பருவமாயின் கோட்டுக்கு முந்திய நேர் ஓட்டத்தைச் சற்று நீளமாக வைப்பது மலிவான காப்பீடு.

வெப்பக் கடலில் இன்னொரு வேலை மெல்லச் சேரும். சில வாரங்களில் ஸ்ட்ரீமரின் தோல் முழுக்கக் கொட்டலசு ஒட்டி வளர்ந்து, கையால் தடவினால் அரம்போல் கீறும். கேபிள் கனக்கும், இரைச்சல் கூடும், இழுக்க எரிபொருள் கூடும். சிறு படகில் போய்ச் சுரண்டுவதற்கு அமைதியான பகல் வேளைகள் வேண்டும். அவற்றைத் திட்டத்திலேயே பெயரிட்டு ஒதுக்குங்கள்.

பக்கத்தில் இருப்பவர்கள்

எண்ணெய், எரிவாயு எடுக்கும் நிலையான மேடை ஏதேனும் பிளாக்கில் இருந்தால் அதைச் சுற்றி 500 மீட்டர் பாதுகாப்பு வளையம் உண்டு. 900 மீட்டர் விரிவும் அதற்கு ஈடான ஃபெதரும் கொண்ட நம் கப்பல் அருகே செல்ல முடியாது. மேடைக்கு ஒருபுறம் நம் கப்பலும் மறுபுறம் சுடும் கப்பல் ஒன்றுமாக ஓடித்தான் அதன் அடிப்பகுதியைப் படமெடுக்க வேண்டும். அந்தக் கோடுகளைத் தனிப் பட்டியலாக வைத்து, ஃபெதர் குறைந்த பகல் வேளைக்கு ஒதுக்குங்கள். பல பத்துக் கிலோமீட்டர் தொலைவில் இன்னொரு சீஸ்மிக் கப்பல் இருந்தாலும் அதன் ஒலி நம் பதிவில் ஏறும். கோடைக்கால வடகடலில் இது அன்றாட நடப்பு. ஒருவர் திரும்பும்போது மற்றவர் சுடுவது என நேரப் பங்கீட்டை முன்பே எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மீனவர்களிடம் பேசுவதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது, அதைத்தான் பலரும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். கடற்பயண எச்சரிக்கை முறைப்படி வெளியிடப்படும். இப்பகுதிக்கான எட்டாம் எண் எச்சரிக்கை மண்டலத்தை இந்தியாவே ஒருங்கிணைக்கிறது. ஆனால் நாட்டுப் படகில் அதை யார் படிக்கிறார்கள்? காக்கிநாடா, உப்பாடா, மச்சிலிப்பட்டினம் போன்ற இடங்களின் இறங்குதளங்களுக்குத் தெலுங்கு பேசும் தொடர்பாளர் ஒருவர் சில வாரங்களுக்கு முன்பே போய், எந்த நாள்களில் எந்தப் பக்கம் கப்பல் இருக்கும் என்று நேரில் சொல்ல வேண்டும். வலை அறுந்தால் யாரிடம் வந்து கேட்பது, எத்தனை நாளில் பணம் கிடைக்கும் என்பதும் அப்போதே அவர்களுக்குத் தெரிய வேண்டும். அது அவர்களுடைய பிழைப்பு.

விடியற்காலையில் கப்பலின் மேல்தளத்திலிருந்து பார்த்தால் இது ஏன் என்று விளங்கும். சாம்பல் நிறக் கடலில் ஒரு தெர்மோகோல் மிதவை, அதில் செருகிய மூங்கில் கழி, கழியின் நுனியில் கிழிந்த கறுப்புத் துணி. ரேடாரில் அது தெரியாது. அதன் கீழே கிலோமீட்டர் கணக்கில் செவுள் வலை தொங்குகிறது. நம் கப்பலால் நிற்கவும் முடியாது, ஒதுங்கவும் முடியாது. முன்னால் போகும் காவல் படகுதான் அதைக் கண்டு, படகுக்காரரைத் தேடி, வலையை எடுக்கச் சொல்ல வேண்டும். வலையை இழுத்து முடிக்கப் பல மணி நேரம் ஆகும் என்பதால் காவல் படகு கோட்டின் தொடக்கத்துக்குச் சில மணி நேரம் முன்பே அங்கே இருக்கும்படி அதற்கும் ஓர் அட்டவணை போடுங்கள். இரண்டு காவல் படகுகள் இருந்தால் ஒன்று அடுத்த கோட்டைத் துப்புரவு செய்யும்போது மற்றொன்று ஓடும் கோட்டைக் காக்கும். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

கூட்டுத்தொகை

இப்போது 13 நாளோடு நீண்ட திருப்பங்களுக்கு அரை நாள் சேர்ந்து பதின்மூன்றரை ஆகிறது. அதன்மேல் நம் எடுத்துக்காட்டுக்கு இன்ஃபில் ஓட்டத்துக்கு 15 விழுக்காடு, வானிலைக்கும் மீன்பிடிக்கும் 15 விழுக்காடு, கருவிப் பழுதுக்கு 5 விழுக்காடு என வைத்தால் இன்னும் ஏறத்தாழ ஐந்து நாள். கேபிள்களை இறக்கவும் ஏற்றவும் ஐந்து நாள் வைப்போம். ஆக 23, 24 நாள். இந்த விழுக்காடுகளை யாரிடமிருந்தும் கடன் வாங்காதீர்கள். அதே கடலில் அதே பருவத்தில் நடந்த முந்தைய ஆய்வின் நாட்குறிப்பிலிருந்து எடுங்கள். காத்திருக்கும் நாளுக்கு யார் பணம் தருவது என்று ஒப்பந்தம் சொல்வதையும் படியுங்கள். நாள் வாடகையா, மொத்தத் தொகையா என்பதைப் பொறுத்து இரு தரப்பும் ஒரே அலையை வேறு வேறு உயரமாகப் பார்ப்பார்கள்.

கப்பலில் ஒவ்வொரு நாளும்

கடலுக்குப் போனபின் அலுவலகத்தில் போட்ட வரிசை அப்படியே நிற்காது. தினமும் காலையில் அடுத்த நான்கு கோடுகளுக்கு உறுதியான வரிசையும், அதற்குப் பின்னுள்ளவற்றுக்கு உத்தேச வரிசையும் எழுதுங்கள். கூடவே ஒரு மாற்றுக் கோட்டைத் தயாராக வைத்திருங்கள்: குறித்த கோட்டில் வலை இருந்தால் எங்கே போவது என்பது திருப்பம் பாதியில் இருக்கும்போது யோசிக்க வேண்டிய கேள்வியல்ல.

இன்ஃபில் முடிவில்தான் பொறுமை வேண்டும். கவரேஜ் வரைபடத்தில் ஓட்டை தெரிந்த அன்றே அதை அடைக்கக் கிளம்புவது பெரும் வீண்செலவு. 10 கிலோமீட்டர் ஓட்டையை அடைக்க 1.2 மணி நேர ஓட்டம், அதற்கு இரண்டரை மணி நேரத் திருப்பம். பக்கத்துக் கோடு அதில் ஒரு பகுதியைத் தானாகவே மூடிவிடக்கூடும். ஒரே கோட்டின் மீது விழும் ஓட்டைகளைச் சேர்த்து வைத்து, ஃபெதர் எந்தப் பக்கம் சாய்ந்தால் அவை நிரம்புமோ அந்த வேளையில் ஓடுங்கள். மூலத்துக்கு அருகிலுள்ள தொலைவுகளில் விழும் ஓட்டையும் வால்பகுதியில் விழும் ஓட்டையும் ஒரே மதிப்புடையவை அல்ல; வால்பகுதி ஓட்டைகளில் எவ்வளவைத் தரவுச் செயலாக்கத்தில் இட்டுநிரப்பிக்கொள்ளலாம் என்ற வரம்பைக் கப்பல் கிளம்பும் முன்பே வாடிக்கையாளரின் கையெழுத்தோடு வாங்கிவிடுங்கள். நடுக்கடலில் இரவு இரண்டு மணிக்கு அந்த விவாதம் நடந்தால் முடிவு எப்போதும் கூடுதல் ஓட்டமாகத்தான் இருக்கும்.

கடைசி வாரத்தில் மீதமுள்ள இன்ஃபில் கோடுகளை மதிப்பின்படி வரிசைப்படுத்தி, கேபிள்களைச் சுருட்டத் தொடங்க வேண்டிய நாளை வரைபடத்தின் மேல் சிவப்பில் எழுதுங்கள். பத்துக் கேபிள்களையும் ஏற்றி முடிக்க அமைதியான கடல் இரண்டு, மூன்று நாள் தொடர்ந்து வேண்டும். மே மாதத்தில் அந்தமான் பக்கம் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாகிறது என்ற அறிவிப்பு வந்தால், அந்தத் தேதியை முன்னே இழுக்கலாம். எவ்வளவு நல்ல கோடு மிச்சமிருந்தாலும் பின்னே தள்ளக் கூடாது.